பிறை பார்த்து விதைத்தலும் அதனைச் சோதித்தறிதலும்

பஞ்சாங்கத்தில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என நாட்கள் வகுக்கப்பட்டிருப்பதை அடியார்கள் அறிவர். ரோகிணி, பூசம், திருவோணம் முதலிய நட்சத்திரங்கள் மேல்நோக்குடையன. நெல், கத்தரி போன்று நிலத்துக்கு மேலே பலன் தரும் பயிர்களுக்கு உகந்தன. பரணி, மகம், மூலம் முதலியன கீழ்நோக்குடையன. கிழங்கு நடவும் கிணறு வெட்டவும் ஏற்றன. இவற்றோடு வளர்பிறை, தேய்பிறையும் பார்க்கப்படும்.

இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியில் மரியா துன் என்னும் அம்மையார் 1952 இல் முள்ளங்கியை வெவ்வேறு நாட்களில் விதைத்துப் பார்க்கத் தொடங்கினார். சந்திரன் நிற்கும் ராசிக்கேற்ப விளைச்சல் மாறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதே நாட்டில் ஹார்ட்முட் ஸ்பீஸ் என்பவர் 1970களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் சோதித்தபோது அந்த ராசிப்பலன் உறுதிப்படவில்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் சிலர் 2020 இல் பௌதிகவியல், தாவரவியல் நூல்களையும் ஆய்வுகளையும் ஆராய்ந்து, பிறைக்கும் பயிருக்கும் தொடர்புண்டென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என எழுதினர்.

கடலையே ஏற்றி இறக்கும் சந்திரன் செடியின் நீரை இழுக்காதா என்பது நியாயமான கேள்வியே. கடல் வற்றுப்பெருக்கு உண்டாவது, சந்திரனுக்கு அண்மையிலுள்ள பக்கத்திலும் அப்பாலுள்ள பக்கத்திலும் அதன் ஈர்ப்பு வேறுபடுவதால். பூமியின் விட்டம் ஏறத்தாழ 12,700 கிலோமீற்றர். செடியோ இரண்டு முழம். அதற்குள் அவ்வேறுபாடு இல்லையென்றே கூறலாம். பூரணை நிலவொளியும் வெயிலில் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்குதான்.

தோட்டக்காணி உள்ளவர் இதனைத் தாமே சோதிக்கலாம். முள்ளங்கி ஆறு, ஏழு வாரத்தில் பிடுங்கக்கூடியது. அதுவே வசதியான பயிர். ஒரே விதை, ஒரே மண், ஒரேயளவு பசளை, ஒரேயளவு இறைப்பு. வளர்பிறையில் நான்கு பாத்தி, தேய்பிறையில் நான்கு பாத்தி. இரண்டையும் அடுத்தடுத்து மாறிமாறி அமைத்தல் வேண்டும். விதைத்து அதேயளவு நாள் சென்றபின் பிடுங்கி, எந்தப் பாத்தி எதுவென்று அறியாத ஒருவரைக் கொண்டு நிறுப்பித்தல் நன்று. விரும்பியவருக்குத் தராசும் சற்றே வளைந்து கொடுக்கும்!

ஒருமுறை செய்து முடிவு கூறுவது தவறு. இரண்டு விதைப்புக்கும் இடையே பதினைந்து நாள் இருப்பதால், இடையில் பெய்த ஒரு மழையே வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். பன்னிரண்டு பிறைகளாவது தொடர்ந்தால்தான் மழையின் பங்கு சமப்பட்டு, பிறையின் பங்கு இருந்தால் தெரியும்.

மானாவாரி நெல்லுக்கு இது சிறு விடயமன்று. ஈரம் பதமாயிருக்கையில் நாளுக்காகக் காத்திருந்து, நிலம் இறுகியபின் விதைப்பவருக்கு நட்டம் கண்கூடு. அதனாலேயே நல்ல நாளில் ஒரு பிடி நெல்லைத் தெளித்து நாள் விதைப்பை முடித்துக்கொண்டு, மிகுதியை ஈரம் பார்த்து விதைக்கும் கமக்காரரும் உளர்.