பழைய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? முதல் கேமரா வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

செகண்ட்ஹேண்ட் கேமரா சந்தை இப்போது தலைகீழாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எல்லோரும் ஏங்கிய டிஎஸ்எல்ஆர்கள் விலை சரிந்து கிடக்கின்றன. அதே காலத்தில் அலமாரி மூலையில் போட்டுவிட்ட பாக்கெட் கேமராக்களுக்கோ கிராக்கி. கேனானும் நிக்கானும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் போய்விட்டன. இரண்டின் கடைசி உயர்நிலை டிஎஸ்எல்ஆர்களும் 2020-இல் வந்தவை. சரிவுக்கு அதுதான் காரணம். பாக்கெட் கேமராவின் விலையை ஏற்றியது இளைஞர்களின் ஆசை: 2000-களின் ஆல்பங்களில் பார்த்த அந்தப் பளீர் ஃப்ளாஷ் முகங்கள் அவர்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

எதை வாங்குவது என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் முடிவே வராது. அதனால் ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். 2012 ஏப்ரலில் வந்த நிக்கான் டி3200, 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். அதே வருடம் ஜூனில் வந்த சோனி ஆர்எக்ஸ்100, 20 மெகாபிக்சல் பாக்கெட் கேமரா. இரண்டும் பழைய சந்தையில் இன்றும் புழங்குகின்றன. வேறு மாடல் உங்கள் கண்ணில் பட்டாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: கெட்டுப்போன படங்களைப் பாருங்கள்

உங்கள் ஃபோனில் உள்ள நல்ல படங்களை விடுங்கள். சரியாக வராதவற்றை மட்டும் தேடி எடுங்கள். பள்ளி ஆண்டுவிழாவில் பின்வரிசையிலிருந்து எடுத்து, மேடையில் ஆடும் பிள்ளை எள்ளளவாகத் தெரிகிறதா? ஓடும் குழந்தையின் முகம் கலங்கிப் போயிருக்கிறதா? வேடந்தாங்கலில் எடுத்த நாரை வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கிறதா? இவை தூரமும் வேகமும் கெடுத்த படங்கள். இவற்றுக்கு டிஎஸ்எல்ஆர்தான் பதில், அதுவும் நீண்ட லென்ஸோடு.

பயணத்தில், கடைத்தெருவில், சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் எடுத்த படங்கள் மட்டும் மாவு பூசியதுபோல் நுணுக்கம் இல்லாமல் வந்திருந்தால் நல்ல பாக்கெட் கேமரா போதும். பகலில் எடுத்த படங்கள் எல்லாமே உங்களுக்குப் பிடித்திருக்கின்றனவா? அப்படியானால் காசை வீட்டிலேயே வையுங்கள். கையிலுள்ள ஃபோனே போதும்.

இரண்டாம் படி: சென்சாரின் பரப்பைக் கேளுங்கள்

மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடலாம். ஒளியை வாங்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்பதே கேள்வி. மலிவான பாக்கெட் கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குல வகை. அதன் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-இல் இருப்பது 'ஒரு அங்குல' வகை. உண்மையில் அதன் எந்தப் பக்கத்தை அளந்தாலும் அங்குலம் வராது: 13.2-க்கு 8.8 மி.மீ., பரப்பு 116 சதுர மி.மீ. டி3200-இன் ஏபிஎஸ்-சி சென்சார் 23.2-க்கு 15.4 மி.மீ., பரப்பு சுமார் 357 சதுர மி.மீ. அதாவது சோனியைப்போல் மூன்று மடங்கு.

இதில் ஒரு கறாரான முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1/2.3 அங்குல சென்சார் உள்ள சாதாரண பாக்கெட் கேமராவை படத் தரத்துக்காக வாங்காதீர்கள். ஃபோன்கள் பல ஃப்ரேம்களை அடுக்கிச் சேர்த்து அதைத் தாண்டிப் போய்விட்டன. நீண்ட ஜூமுக்காக வாங்கலாம், அந்தப் பழைய ஃப்ளாஷ் தோற்றத்துக்காக வாங்கலாம். இரண்டும் வேண்டாதவர்கள் இந்தப் போட்டியில் ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மூன்றாம் படி: லென்ஸைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். 'பெரிய சென்சார், அதனால் டிஎஸ்எல்ஆர்தான் இருட்டில் ஜெயிக்கும்' என்று கடைக்காரரும் சொல்வார், ஊரில் கல்யாணம் எடுக்கும் அண்ணனும் சொல்வார். அந்த அண்ணனின் கேமராவில் மாட்டியிருக்கும் லென்ஸ் வேறு, உங்களுக்குக் கிடைக்கப்போகும் லென்ஸ் வேறு.

டி3200-உடன் வருவது 18-55 மி.மீ. கிட் லென்ஸ். அகலக் கோணத்தில் அதன் துளை எஃப்/3.5-க்கு மேல் திறக்காது. ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் அதே அகலக் கோணத்தில் எஃப்/1.8 வரை திறக்கும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது, 3.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால், சோனியின் லென்ஸ் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 3.8 மடங்கு ஒளி தருகிறது என்று தெரியும். நிக்கானின் சென்சார் மூன்று மடங்கு பெரியது. சோனியின் லென்ஸோ ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி தருகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லோரையும் நிற்கவைத்து எடுக்கும் படத்தில், கிட் லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆருக்குச் சட்டைப்பைக் கேமராவைவிட உருப்படியான மேன்மை எதுவும் இல்லை. பின்னணி மங்குவதிலும் அதே கதைதான்.

ஜூம் செய்ததும் நிலைமை மாறும். சோனியின் துளை வேகமாகச் சுருங்கி, கடைசியில் எஃப்/4.9-க்கு வந்துவிடும். கிட் லென்ஸின் கடைசி எஃப்/5.6. துளைகள் நெருங்கிவிட்டதால் பெரிய சென்சாரின் பலன் இங்கே தெரியும். நிக்கானுக்கு இரு மடங்குக்கும் மேல் ஒளி கிடைக்கும்.

கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் ஆட்டமே வேறு. நிக்கான் 2009-இல் கொண்டுவந்த இந்தச் சின்ன லென்ஸின் எடை 200 கிராம்தான், பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். துளை சோனிக்குச் சமம், சென்சார் மூன்று மடங்கு. சாயங்கால வாசல் திண்ணை, மின்வெட்டு மெழுகுவர்த்தி, தீபாவளி மத்தாப்பு வெளிச்சம், எல்லாவற்றிலும் முகத்தின் தோல் தோலாகவே வரும். கேனான் பக்கம் போனால் இதே வேலையை 2015-இல் வந்த 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் செய்யும்.

எனவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது லென்ஸ் வாங்குவேனா? 'இப்போதைக்குக் கிட் லென்ஸ் போதும்' என்று மனது சொன்னால் பாக்கெட் கேமரா வாங்குங்கள். வாங்குவேன் என்றால் பட்ஜெட்டில் அதற்கும் இன்றைக்கே இடம் ஒதுக்கி, பாடியில் மிச்சம் பிடியுங்கள்.

நான்காம் படி: கையில் வாங்கிப் பாருங்கள்

டி3200, கிட் லென்ஸ், பேட்டரி எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோவுக்கு மேல். ஆர்எக்ஸ்100 மொத்தமே 240 கிராம். ஒரு நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினால் அந்த அரைக் கிலோ என்னவென்று தோள்பட்டை சொல்லும். தெருவில் எடுப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: பெரிய லென்ஸை உயர்த்தினால் டீக்கடையில் இருப்பவர்கள் விறைத்துக்கொள்வார்கள், அல்லது 'எந்த சேனல் தம்பி?' என்பார்கள். சின்னக் கேமராவை யாரும் பொருட்படுத்துவதில்லை.

டிஎஸ்எல்ஆரின் பக்கம் இருக்கும் பெரிய நியாயம் வியூஃபைண்டர். சித்திரை வெயிலில் தேரோட்டம் எடுக்கப்போனால் ஆர்எக்ஸ்100-இன் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். அதில் கண்வைத்துப் பார்க்க எதுவும் கிடையாது. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்கிறீர்கள், வெயில் ஒரு பொருட்டே இல்லை. குறுக்கே ஓடும் ஆளைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸும் டிஎஸ்எல்ஆரில் வேகம். அந்தக் காலத்து பாக்கெட் கேமரா ஃபோகஸை முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும்போது ஆள் ஃப்ரேமைத் தாண்டியிருப்பார். ஆனால் டி3200-ஐயும் பின்திரையைப் பார்த்து இயக்கினால் அதே மந்தம்தான். வீடியோதான் முக்கியம் என்பவர்களுக்கு இந்த வயது டிஎஸ்எல்ஆர் ஒத்துவராது.

ஐந்தாம் படி: மாடலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை ஆகியவற்றின் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் பிரச்சினை இல்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 2008-இன் டி90, 2010-இன் டி7000 இரண்டிலும் மோட்டார் உண்டு. கேனானில் இந்தத் தலைவலியே இல்லை, ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருக்கும். 550டி, 600டி, 700டி எதுவானாலும் சென்சார் 18 மெகாபிக்சல். நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

பாக்கெட் பக்கம், ஆர்எக்ஸ்100 போக, 2014-இல் வந்த கேனான் ஜி7எக்ஸ் இருக்கிறது. சென்சார் அதே அளவு; முழு ஜூமிலும் எஃப்/2.8, திரை செல்ஃபிக்குத் திரும்பும், விலைதான் மோகத்தால் ஏறிக்கிடக்கிறது. ரிகோ ஜிஆர் தனி ரகம். 2013-இல் வந்த அதில் டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சாரே இருக்கிறது, ஜூம் கிடையாது. தெருப்படம்தான் உயிர் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

ஆறாம் படி: காசு கொடுக்கும் முன் சோதனை

உங்கள் மெமரி கார்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். கடலோர ஊர்களில் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த லென்ஸ்களில் இது சர்வசாதாரணம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓரிரண்டு தூசி இருந்தால் கவலையில்லை.

டிஎஸ்எல்ஆர் என்றால் துளையை எஃப்/16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. பெரும்பாலும் ஊதியே போக்கலாம். பிறகு எழுத்துள்ள காகிதத்தை ஒருமுறை வியூஃபைண்டர் வழியாகவும் ஒருமுறை பின்திரை வழியாகவும் ஃபோகஸ் செய்து எடுத்து, பெரிதாக்கி ஒப்பிடுங்கள். முதலாவது மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே ஏதோ இடம் பெயர்ந்திருக்கிறது. ஷட்டர் கவுன்டையும், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதையும், கேளுங்கள். நிக்கான் படங்களின் எக்ஸிஃப் தகவலிலேயே அது பதிவாகும். கேனானில் பல மாடல்களுக்குக் கணினியில் தனி மென்பொருள் தேவை. டி90-இன் ஷட்டர் 1,00,000 முறைக்கும், டி7000-இன் ஷட்டர் 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்று இல்லை, விலை பேச உதவும்.

பாக்கெட் கேமராவில் ஷட்டரைவிட லென்ஸ் உள்ளே-வெளியே போய்வரும் பொறிமுறைதான் முதலில் போகும். பலமுறை ஆன் செய்து, ஆஃப் செய்து, முழு ஜூம் வரை போய் வாருங்கள். நறநறவென்று சத்தம் வந்தாலோ, லென்ஸை மூடும் இதழ்கள் பாதியில் நின்றாலோ விற்பவர் கைமாற்றிவிடத் துடிக்கிறார் என்று அர்த்தம். வெள்ளைச் சுவர் சோதனையை இதிலும் செய்யுங்கள். இதன் உள்ளே போன தூசியை எடுக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும். உப்பிய பேட்டரி இருந்தால் புதிதின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கூடவே வரும் செலவு

பேட்டரி விஷயத்தில் டிஎஸ்எல்ஆர் வள்ளல். தொழில்துறை அளவுகோலின்படி டி3200-க்கு ஒரு சார்ஜில் 540 படம், ஆர்எக்ஸ்100-க்கு 330, ஜி7எக்ஸ்-க்கு 210. பழைய பேட்டரியில் இதில் பாதி வந்தாலே பெரிது. பாக்கெட் கேமரா வாங்குபவர் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். கார்டும் முக்கியம்: பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் சில எக்ஸ்டி கார்டையும், பழைய சோனிகள் மெமரி ஸ்டிக்கையும் கேட்கும். அவை கிடைப்பது அரிது. எஸ்டி கார்டு போடுபவற்றிலும் மிகப் பழையவை 2 ஜிபி-க்கு மேல் ஏற்காது. வைஃபை இல்லாத கேமராவிலிருந்து ஃபோனுக்குப் படம் மாற்ற ஓடிஜி கார்டு ரீடர் ஒன்று வேண்டும், மலிவுதான்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்தபின்

தோல் உறைக்குள் மூடி பீரோவில் வைப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல் பை. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். நீல ஜெல்லில் நச்சான கோபால்ட் குளோரைடு இருக்கும் என்பதால் ஆரஞ்சு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். அது பச்சையாகிவிட்டால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்குப் புழங்காத தட்டில் கொட்டி மிதமான சூட்டில் வைத்தால் நிறம் திரும்பும். நன்றாக ஆறியபின் மறுபடி டப்பாவில் போடலாம்.