ஒயரிங் வேலைக்கு வருபவரிடம் சான்று கேளுங்கள்



நம் ஜமாஅத்தில் வீடு கட்டும் பல குடும்பங்களில் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். நின்று வேலை வாங்குவது பெண்கள்தான். சிமெண்ட், கம்பி விலையை நாலு கடையில் விசாரிக்கும் வீடுகளில்கூட, ஒயரிங் மட்டும் "கொத்தனார் கூட்டி வந்த பையன், நன்றாகச் செய்வான்" என்ற வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. சுவரைப் பூசிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆகவே இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

விதி என்ன?

மத்திய மின்சார ஆணையம் 2010-லும் பிறகு 2023-லும் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகள் வீட்டு ஒயரிங்குக்கும் பொருந்தும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் பழுதானால் அதே அளவில் வேறு மாற்ற விலக்கு உண்டு. புதிய ஒயரிங், கூடுதல் பாயிண்ட், ஏ.சி.க்குத் தனி லைன் போன்ற வேலைகளுக்கு விலக்கு இல்லை. அவற்றுக்கு மூன்று பேர் வேண்டும்: மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்று உள்ள மேற்பார்வையாளர், அனுமதிச் சான்று உள்ள வயர்மேன். தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவது சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

"எம்.சி.பி. போட்டாயிற்று, இனி பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் லோடு ஏறினாலோ, ஷார்ட் ஆனாலோதான் விழும். மனிதன் உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி, 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும். சரியான எர்த்தும் இதுவும் சேர்ந்திருப்பதே பாதுகாப்பு. இந்த வேறுபாடு தெரிந்தவர்தான் நம் வீட்டு மெயின் போர்டில் கை வைக்க வேண்டும்.

அதேபோல் 2,000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். லைட்டுக்குப் போட்ட மெல்லிய ஒயரில் அதையும் அயர்ன் பாக்ஸையும் சேர்த்து மாட்டினால் சுவருக்குள் ஒயர் சூடேறும்.

வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டியவை:

1. ஒப்பந்தக்காரரின் உரிமமும் வயர்மேனின் சான்றும். பெயர், புகைப்படம், எந்தத் தேதி வரை செல்லும் என்பதைப் பாருங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்த அறைக்கு எத்தனை பாயிண்ட், எந்த அளவு ஒயர் என்ற எழுத்துக் கணக்கு.

3. வேலை முடிந்ததும் இன்சுலேஷன், எர்த் சோதனை செய்து கையெழுத்திட்ட அறிக்கை. வீட்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கித் தரும் வழக்கமும் உண்டு. அப்படி வந்த தாளில் எழுதியிருக்கும் சோதனை நடக்கவே இல்லை என்றே பொருள். சோதனை நம் கண்முன் நடக்கட்டும்.

4. ஏ.சி., மோட்டார் சேர்க்கிறீர்களென்றால் மின் வாரியத்தில் லோடு உயர்த்த விண்ணப்பம்.

கேட்பது அவமரியாதை ஆகாது. சான்று உள்ளவர் சந்தோஷமாகவே காட்டுவார்.

ஒயரிங் செய்யும் நம் தம்பிகளுக்கு

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பெரியவர்களிடம் தொழில் கற்று, நல்ல கைத்திறனோடு இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். சான்று இல்லாததால் உழைப்பு இவர்களுடையதாகவும் கையெழுத்து வேறொருவருடையதாகவும் போகிறது. விபத்து நடந்தால் பழி மட்டும் இவர்கள் தலையில் விழுகிறது.

இவர்களுக்காகவே அரசு நடத்துவது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. இதற்குக் கல்வித் தகுதி கேட்பதில்லை. 21 வயது நிறைந்து, ஐந்து ஆண்டு ஒயரிங் அனுபவம் இருந்தால் போதும். மேல் வயது வரம்பும் இல்லை. அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விவரம் கேட்கலாம். விண்ணப்பம் நிரப்பத் தயங்குபவர்கள் அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், உதவுகிறோம்.

நம்மை நம்பி ஒரு வீட்டில் உறங்கும் பிள்ளைகளும் முதியவர்களும் நம்மிடமுள்ள அமானிதம். அடுத்த வேலைக்கு ஆள் வரும்போது, கூலி பேசும் முன் சான்றைக் கேளுங்கள். அல்லாஹ் நம் வீடுகளைப் பாதுகாப்பானாக, ஆமீன்.