சீனன்குடா: இடமும் வரலாறும் காட்சிகளும்

சென்ற தவணையில் ஒருநாள், "என் ஊர்" என்னும் பொருளில் கட்டுரை எழுதி வருமாறு மாணவரைப் பணித்திருந்தோம். சீனன்குடாவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கொப்பியை வெறுமையாகவே நீட்டினான். காரணம் வினவினோம். "ஐயா, எங்கள் ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? மாவாலை, எண்ணெய்த் தாங்கி, விமானப்படை முகாம், அவ்வளவுதானே" என்றான். அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவன் கற்ற நூல்களில் அவனுடைய ஊர் இல்லை. எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய ஆசிரியராகிய யாமும் சொல்லவில்லை. அக்குறையை ஒருவாறு தீர்க்கும் பொருட்டே, கல்லூரியின் இவ்விழா மலரில் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இடமும் பெயரும்

திருகோணமலைத் துறைமுகம் இரு பகுதிகளை உடையது. வெளியே கிழக்கு நோக்கி விரிந்து கிடப்பது கொட்டியாரக்குடா. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கலப்பது இக்குடாவில்தான். அதன் வடபால், குன்றுகளாலும் சிறு தீவுகளாலும் மறைக்கப்பெற்றுக் கிடப்பது உட்துறைமுகம். இவ்வுட்துறைமுகத்தின் மேற்குக் கரையில் அமைந்தது சீனன்குடா. அதற்குத் தெற்கே தம்பலகாமக்குடாவும், அதன் வாயிலில் கிண்ணியாவும் உள்ளன.

குடா என்னுஞ் சொல் வளைவு என்னும் பொருளது. நிலத்தினுள் வளைந்து புகுந்த கடலைக் குடாக்கடல் என்றும், கடலினுள் நீண்டு புகுந்த நிலத்தைக் குடாநாடு என்றும் வழங்குகிறோம். சீனனது குடா என விரிதலின் சீனன்குடா என்பது ஆறாம் வேற்றுமைத் தொகையாகும். "மட் கோவ்" என்று ஆங்கிலேயர் அழைத்த இடத்தை நம் மக்கள் மட்கோ என்கின்றனர். அவர்கள் "ஓர்ஸ் ஹில்" என்பதை நாம் உவர்மலை என்கிறோம். வெள்ளைமணல், கருமலையூற்று, கப்பல்துறை, பாலையூற்று என்னும் அயலூர்ப் பெயர்களோ மண்ணையும் மலையையும் நீரையும் மரத்தையும் கண்டு இட்ட தூய தமிழ்ப் பெயர்கள். எனவே, ஊர்ப்பெயர்களை ஊன்றி நோக்குவோர்க்கு இக்கரை ஒரு சிறந்த பாடநூலாகும்.

காற்றும் ஆழமும்

இத்துறைமுகத்தை நாடி உலகத்துக் கடற்படைகள் எல்லாம் வந்தமைக்குக் காரணம் யாது? பொன்னும் முத்தும் அல்ல, காற்றும் ஆழமுமே.

பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில், தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க காவலான துறைமுகம் ஒன்றேனும் இல்லை. சென்னையிலும் அவை திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி கார்த்திகையில் வாடை என்னும் வடகீழ்ப் பருவக்காற்றுப் புயலோடு எழுந்தால், கரையோரத்தில் நிற்பது அழிவையே தரும். ஆதலால் ஆங்கிலேயர் தம் கப்பல்களை இந்தியாவைச் சுற்றிக் கொண்டு பம்பாய் வரை அனுப்ப வேண்டியிருந்தது. வங்கக் கடலின் மேற்குப் புறத்தில், எக்காற்றுக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்கத்தக்க இடம் திருகோணமலை ஒன்றே. நுழைவாயிலை அடுத்து ஒரு கடலடிப் பள்ளத்தாக்கே இருத்தலின் ஆழத்திற்கும் குறைவில்லை. நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அண்மையில் காணப்படுவதற்கு அப்பள்ளத்தாக்கும் ஒரு காரணம் என்பர் அறிஞர்.

இறைவன் அளித்த இந்நலமே இவ்வூருக்கு இடரையும் கொணர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் பறங்கியர் 1622இல் தகர்த்து, 1624இல் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவர்களுக்குப் பின்னர் வந்தவரே பிரெஞ்சுக்காரர்.

பிரெஞ்சுக்காரர் வருகை

1672ஆம் ஆண்டில் டி லா ஹே என்னும் தளபதி, பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்றுடன் கொட்டியாரக்குடாவில் புகுந்தார். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், ஒல்லாந்தரை ஓட்டுதற்கு உதவுவர் எனக் கருதி அவரை வரவேற்றான். ஆனால் உணவுத் தட்டும் நோயும் படையை வருத்தின. அவ்வாண்டிலேயே டி லா ஹே சென்னையை அடுத்த சாந்தோமுக்குச் செல்ல, இங்கு விட்டுச் சென்ற சிறு படையை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். சாந்தோமும் 1674இல் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிற்று. அக்காலத்தில் பிரான்சுவா மார்த்தேன் என்பவர் புதுச்சேரியில் நிலைகொண்டு வளர்த்த குடியிருப்பே பிற்காலத்தில் பிரெஞ்சிந்தியாவின் தலைநகராயிற்று. கொட்டியாரத்தில் அவர்கள் கால் ஊன்றியிருப்பின், புதுச்சேரியின் வரலாறு நம் கரையில் நடந்திருக்கவுங் கூடும்.

இரண்டாம் முறை அவர்கள் வந்தது 1782இல். அவ்வாண்டு தைமாதத்தில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஆவணி மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் வந்து படைகளை இறக்கினார். ஓகஸ்ட் 30ஆம் நாள் நகரக் கோட்டையும், மறுநாள் உட்துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் அவரிடம் பணிந்தன. செப்டெம்பர் 3ஆம் நாள் ஹியூசும் சுஃப்ரெனும் திருகோணமலைக் கடலிற் பொருதனர். வெற்றி தோல்வி எவர்க்கும் முடிவாகவில்லை. எனினும் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே நின்றது. 1783 ஆனி மாதத்தில் கடலூர்ப் போருக்குச் சுஃப்ரென் இங்கிருந்தே புறப்பட்டார். ஐரோப்பாவில் சமாதான உடன்பாட்டிற் கையொப்பமிட்டுச் சில திங்கள் கழிந்திருந்தும், செய்தி வந்து சேராமையால் அப்போரில் மனிதர் மாண்டனர் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. உடன்படிக்கையின்படி திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று; 1795இல் ஆங்கிலேயர் அதனை நிலையாகக் கைப்பற்றினர்.

சுஃப்ரென் தென் பிரான்சில் சென் கன்னா என்னும் சிற்றூரில் 1729இல் பிறந்தவர். மத்தியதரைக் கடலோரத்துச் சிறு நகராகிய சென் துரோப்பேயின் துறைமுகக் கரையில் அவருடைய வெண்கலச் சிலை இன்றும் நிற்கின்றது. பிரான்சில் வாழும் நம் பழைய மாணவர் அங்குச் செல்வாராயின் அச்சிலையைச் சற்று நின்று நோக்குவாராக. தம் மைந்தன் ஒருவன் வென்ற துறைகளை நினைத்து அச்சிறு நகரம் சிலை நாட்டிற்று; வெல்லப்பட்ட துறையில் வாழும் நாமோ அக்கதையையே மறந்தோம்.

எண்ணெய்க்குதமும் விமானத் தளமும்

பாய்மரக் காலத்தில் கோட்டையிருந்த கரையே போர்க்களமாயிற்று; எண்ணெயால் இயங்கும் கப்பல்கள் வந்த பின்னர்ச் சீனன்குடா முதலிடம் பெற்றது. கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு 1927இல் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தை ஒட்டி ஆங்கிலேயர் காட்டை வெட்டிப் பெரும் எண்ணெய்க்குதங்களை அமைத்தனர். விமானத் தளமும் எழுந்தது.

1942 ஏப்பிரில் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாத் தளத்தையும் தாக்கின. விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியின்மீது வீழ, எழுந்த தீ பல நாள் அணையாது எரிந்தது. முன்னெச்சரிக்கையாகத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த "ஹேர்மிஸ்" என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அன்று மட்டக்களப்புக் கடலில் அமிழ்ந்தது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தினுள் எரிந்து மூழ்கிய "சகாயிங்" என்னும் கப்பலை, 75 ஆண்டுகளின் பின் 2018இல் இலங்கைக் கடற்படையினர் நீரினின்றும் மேலெழுப்பினர்.

1957இல் ஆங்கிலேயக் கடற்படை விடைபெற்றது. எண்ணெய்த் தாங்கிகளுள் இன்று 99 எஞ்சியுள்ளன. 2022 தை மாதத்து உடன்பாட்டின்படி இவற்றுள் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 61 இரண்டும் கூடிய நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பெற்றன. 1672இல் எழுந்த அதே வினா, இத்துறை எவர்க்குப் பயன்படும் என்னும் வினா, இன்றும் நம் கரையில் உலாவுதலை மாணவர் உணர்தல் வேண்டும்.

காணத்தக்கவை

கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருவோர், திருகோணமலைக்கு முன்னுள்ள சீனன்குடா நிலையத்தில் இறங்கலாம். காட்டு மரங்களிடையே வரிசை வரிசையாய் நிற்கும் தாங்கிகளைத் தெருவிலிருந்தே காணலாம். அருகிற் செல்லுதற்கு அனுமதி வேண்டும். இலங்கை விமானப்படைக் கல்விக்கழகம் பழைய தளத்திலேயே இயங்குகின்றது. தெளிந்த நீரும் அமைந்த அலையும் உடைய மாபிள் கடற்கரையில் சிறுவரும் அச்சமின்றிக் குளிப்பர். 1980இல் தொடங்கிய பிறிமா மாவாலை கடலோரத்தில் ஓங்கி நிற்கின்றது. நம் வீட்டு அடுப்பில் வேகும் பிட்டும் ரொட்டியும் இங்கு வந்திறங்கும் கோதுமையோடு தொடர்புடையன. 1984 முதல் சீமெந்தும் இக்கரையில் உற்பத்தியாகின்றது. மாலையில் கரையோரம் நின்று கிழக்கே நோக்கின், ஒஸ்டன்பேர்க் குன்று கடலின் குறுக்கே தோன்றும். சுஃப்ரெனின் கொடி பறந்தது அக்குன்றில்தான். தெற்கே சென்றால், 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைக் காணலாம். அதற்கு முன்னர் மக்கள் பாதையிற் காத்து நின்று கடந்த நீர் அது.

முடிவுரை

இதுகாறும் கூறியவை யாவும் கப்பல்களின் வரலாறும் கோட்டைகளின் வரலாறுமே. தளபதிகளின் நாட்குறிப்புகள் பாரிசிலும் இலண்டனிலும் பேணப்படுகின்றன. ஆனால் காடு வெட்டியவர் யார், தாங்கி கட்டக் கல் சுமந்தவர் யார், 1942இல் குண்டுக்கு அஞ்சிக் குழந்தைகளோடு எந்தக் காட்டில் ஒளித்தனர், பின்வந்த போர்க்காலங்களில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே சென்றனர் என்பவற்றை எழுதிவைத்தவர் மிகச் சிலர். அவை முதியோர் நெஞ்சில் மாத்திரமே உள்ளன. அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் மாணவர்களே, உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் இன்றே கேட்டு எழுதுங்கள். பெயரும் இடமும் ஆண்டும் பிழையின்றிக் குறியுங்கள். பழைய மாணவர்களாகிய பெரியோர்களே, நீங்கள் கடல் கடந்து வாழினும் நினைவில் நிற்பவற்றை எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். வெறுமையான கொப்பியை நீட்டிய அம்மாணவன், அண்மையில் இரண்டு பக்கம் எழுதி வந்தான். தன் பூட்டனார் எண்ணெய்த் தாங்கிகளுக்கு மை பூசியவர் என்பது அதில் முதல் வரி. அவ்வரி எந்த நாட்டு நூலிலும் இல்லை.