காற்றைத் திருப்பும் தகடு

உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாதவற்றுள் காற்றே தலைமையானது. உணவின்றிப் பல நாளும் நீரின்றிச் சில நாளும் உயிர் தாங்குதல் கூடும். காற்றின்றிச் சில நிமிடமும் வாழ்தல் அரிது. வீடு கட்டுவோர் சாளரம் அமைப்பதில் கருத்தூன்றுவது இதனாலேயே ஆகும். வீட்டுச் சாளரம் நின்ற இடத்தில் நிற்பது. மோட்டார் வண்டியின் சாளரமோ வண்டியோடு விரைந்து ஓடுவது. ஆதலின், வண்டிக்குள் வேண்டும் அளவு காற்றை மட்டும் வரவிடுதல் எளிய செயல் அன்று.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடும்பொழுது, வெளியே அசையாது நிற்கும் காற்றும் உள்ளிருப்போர்க்கு அதே வேகத்தில் எதிர்வந்து மோதுகிறது. கண்ணாடியை முழுதும் இறக்கினால் புழுதியும் இரைச்சலும் புகும். முழுதும் ஏற்றினால் புழுக்கம் மிகும். மழைக்காலத்திலோ சிறிது திறந்தாலும் சாரல் உட்புகுந்து நனைத்துவிடும். இவ்விடர்களைக் குறைக்க எழுந்த எளிய கருவியே சாளரத்தின் மேல் விளிம்பில் பொருத்தப்படும் காற்றுத் திருப்பித் தகடு. கடைக்காரர் இதனை ‘டோர் வைசர்’ என்று வழங்குவர்.

இதற்கு முன்னோடியாக ஒன்று இருந்தது. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் கார்களின் சாளரங்களில் தனியே திருப்பத்தக்க சிறு கண்ணாடியை அமைத்தது. அதனை ஒருபுறமாகத் திருப்பினால் காற்று உள்ளே வரும். மறுபுறமாகத் திருப்பினால் உட்காற்று வெளியே ஈர்க்கப்படும். இந்தியாவில் பல்லாண்டு உற்பத்தி செய்யப்பட்டு, 2014ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட அம்பாசிடர் காரின் முன்கதவுகளிலும் இத்தகைய சிறு கண்ணாடி இருந்ததை முதியோர் நினைவுகூர்வர். குளிர்காற்றுக் கருவி பரவியபின் அக்கண்ணாடி மெல்ல மறைந்தது. எனினும் அதன் தேவை மறையவில்லை. அத்தேவையை ஓரளவு நிறைவு செய்யவே அக்ரிலிக் முதலிய பொருள்களால் ஆன தகடு வந்தது.

இத்தகடு பயன்படும் முறை அறியத்தக்கது. ஓடும் வண்டியின் முன்கண்ணாடியில் மோதிய காற்று, அதன் ஓரத்துத் தூணைச் சுற்றி வளைந்து விரைகிறது. அவ்வாறு விரையும் இடத்தில், பக்கச் சாளரத்தின் வெளிப்புறத்தே அழுத்தம் குறைகிறது. உள்ளே அழுத்தம் அதனினும் மிகுந்திருக்கிறது. ஆகவே கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினால், தகட்டின் மறைவில் உள்ள இடைவெளி வழியே உட்காற்று வெளியேறும். முன்புறத் துளைகள் வழியே புதிய காற்று புகும். மழைநீர் தகட்டின் மேல் வழிந்து செல்வதால் உள்ளிருப்போர் பெரிதும் நனைவதில்லை.

வேறொரு நன்மையும் உண்டு. ஒரு சாளரத்தை மட்டும் திறந்து விரைந்து செல்வோர், செவிகளில் ‘தும் தும்’ என மோதும் அதிர்வை உணர்ந்திருப்பர். வெற்றுப் புட்டியின் வாயருகே ஊதினால் ஒலி எழுவதும் இவ்வதிர்வு தோன்றுவதும் ஒரே காரணத்தால் ஆகும். செருமானிய அறிஞர் எர்மன் வான் எல்ம்கோல்ட்சு 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய ஒலியதிர்வை ஆராய்ந்தார். இங்கே வண்டியே புட்டியாகவும், திறந்த சாளரமே அதன் வாயாகவும் அமைகின்றன. புட்டி பெரிதாதலின் அதிர்வு மெதுவாக நிகழ்கிறது. ஒலியாகக் கேட்பதைவிட அழுத்தமாகவே உணரப்படுகிறது. தகடு காற்றோட்டத்தைச் சாளர விளிம்பிலிருந்து விலக்கி, இவ்வதிர்வைத் தணிக்க உதவுகிறது. மற்றொரு சாளரத்தைச் சிறிது திறப்பதாலும் அது தணியும்.

தகட்டைப் பொருத்துவதில் இரு முறைகள் உள்ளன. ஒன்று, பசை நாடாவால் கதவின் மேல் விளிம்பில் ஒட்டுவது. ஒட்டும் இடத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்திச் சாராவியால் துடைத்தல் வேண்டும். எண்ணெய்ப் பசை சிறிது இருப்பினும் ஒட்டு நில்லாது. தகட்டை முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்த்து, இடத்தைக் குறித்துக்கொண்ட பின்னரே மேல்தாளை உரித்து, நீளம் முழுதும் அழுத்த வேண்டும். ஒரு நாள் வரை நீர் படலாகாது. மற்றொன்று, கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர்ப் பள்ளத்தில் செருகுவது. கண்ணாடியை இறக்கி, தகட்டை வில்போல் மெல்ல வளைத்து இரு முனைகளையும் செருகுவர். பின்னர்க் கண்ணாடியை ஏற்றி ஒரு நாள் மூடியே வைப்பர். ஏறும் கண்ணாடி தடைப்பட்டால் வலிந்து ஏற்றலாகாது; தகட்டை எடுத்து மீண்டும் சரியாகப் பொருத்த வேண்டும். எம்முறையாயினும், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைக் காணும் பார்வையைத் தகடு மறைத்தல் கூடாது.

கருவியின் பயனை அறிதல் போலவே அதன் எல்லையை அறிதலும் அறிவுடைமை ஆகும். இத்தகடு ஓடும் வண்டிக்கு உரியது. வெயிலில் நிற்கும் வண்டிக்குக் காவல் அன்று. காற்றோட்டம் இல்லாதபொழுது அழுத்த வேறுபாடும் இல்லை. உள்வெப்பம் சிறு இடைவெளி வழியே போதிய அளவு வெளியேறுவதும் இல்லை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவுறக் காட்டியது. வெளியே 22 பாகை செல்சியசு அளவே வெப்பம் இருந்த நாளிலும், மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 47 பாகையை எட்டியது. அவ்வேற்றத்தில் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே நிகழ்ந்தது. சாளரத்தைச் சிறிது திறந்து வைத்தும் வெப்பம் ஏறுவது குறையவில்லை. இளங்காலத்தே இவ்வாறாயின், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் நிலை என்னாகும் என்பது சொல்லாமலே விளங்கும். குழந்தையின் உடல் பெரியோர் உடலினும் விரைவாகச் சூடேறுவது. ஆகவே, “தகடு இருக்கிறது, சாளரமும் திறந்திருக்கிறது, ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்” என்று எண்ணிக் குழந்தையை வண்டியில் விட்டுச் செல்லுதல் பெருந்தீங்கிற்கு வழிவகுக்கும்.

காற்றின் இயல்பை அறிந்தவர் ஒரு சிறு தகட்டால் அதனை ஏவல் கொள்கின்றனர். தகட்டின் எல்லையையும் அறிந்தவர் உயிரைக் காக்கின்றனர். கருவியைக் கையாளும் முறையும், அதனை நம்பத்தகும் அளவும் ஒருங்கே அறிந்து ஒழுகுதலே அறிவியல் கல்வியின் பயனாகும்.