பழுதின் காரணம் காணல்

தலைவலி என்று வருவோர்க்கெல்லாம் ஒரே மருந்தைக் கொடுப்பவனை நாம் நல்ல மருத்துவனாகக் கொள்வதில்லை. வலி ஒன்றாயினும் அதன் காரணம் பலவாதல் கூடும். உடலுக்குரிய இவ்வுண்மை பொறிகளுக்கும் பொருந்தும். இதனை விளக்க, என் வீட்டுக் கணிப்பொறிக்கு நேர்ந்த பழுதினையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

அது 2012ஆம் ஆண்டில் வாங்கப்பெற்ற மேசைக் கணிப்பொறி. எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் பெருமான் கைப்பட எழுதிய உரைக்குறிப்புகள், ஆயிரம் பக்கங்களுக்கு மேல், அதில் படங்களாகச் சேமிக்கப்பட்டிருந்தன. மூலத் தாள்களுட் பலவற்றைக் கறையான் அரித்துவிட்டது. எஞ்சியவை அப்படங்களே. அவற்றைக் கறை நீக்கித் தெளிவாக்கும் பணியைப் பொறியினிடம் ஒப்படைத்தேன். கடிதம் எழுதும்போது ஒரு குறையும் காட்டாத அப்பொறி, இப்பணி தொடங்கிய சில நிமிடங்களில் திடீரென அணைந்தது. மீண்டும் தொடங்கினேன்; மீண்டும் அணைந்தது.

பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், "பழைய பொறி, ஐயா, புதியது வாங்குங்கள்" என்று கூறிச் சென்றார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் என் பெயரன் அதற்கு உடன்படவில்லை.

"முதலில் படங்களைக் காப்போம், தாத்தா! பொறி போனால் வேறு வாங்கலாம். இவை போனால் எங்கே வாங்குவது?" என்றான். உடனே அனைத்தையும் வேறிரண்டு சேமிப்பு வட்டுகளில் படியெடுத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பொறி அணையுமாயின் கோப்புகள் சிதைவுறக்கூடும் அன்றோ?

பின்னர் அவன் சிந்திக்கலானான். கடும்பணியின்போது கணிப்பொறியின் செயலி மிகுதியான மின்சாரத்தைக் கொள்ளும். அம்மின்சாரம் வெப்பமாக மாறும். ஆகவே, வெப்பம் வெளியேறாமை ஒரு காரணமாகலாம். வேண்டும் மின்சாரம் கிட்டாமை மற்றொன்றாகலாம். 'ராம்' எனப்படும் நினைவகத்தின் குறை மூன்றாவதாகலாம். இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதினான். "ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், கண்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும்" என்பது அவன் கொண்ட நெறி.

நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்னும் நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டான். ஒரு பிழையும் தோன்றவில்லை. அடுத்து, கடும்பணியைத் தொடங்கிச் செயலியின் வெப்பத்தை நோக்கினான். 48 பாகையில் இருந்த வெப்பம் ஆறு நிமிடங்களில் 97 பாகையை எட்டியது, பொறி அணைந்தது. வெப்பம் மிகின் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதுவும் போதாதபோது, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தோம். செயலியின்மேல் அமைந்த உலோகத் தகடுகளிடையே தூசி பஞ்சுபோல் அடைந்திருந்தது. செயலிக்கும் அத்தகடுகளுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. தூசியை நீக்கிப் புதிய பசை இட்டபின், வெப்பம் 70 பாகைக்கு மேல் ஏறவில்லை. பழுது தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். ஆயின், மறுநாள் பொறி மீண்டும் அணைந்தது!

நான் மனந்தளர்ந்தேன், அவன் தளரவில்லை. "வெப்பம் இப்போதும் 70 பாகைதான், தாத்தா. எனவே இம்முறை அணைந்ததற்கு வெப்பம் காரணமன்று. தாளில் எஞ்சியிருப்பது மின்சாரமே" என்றான்.

நம் வீட்டு 230 வோல்ட்டு மின்சாரத்தைப் பொறிக்கு ஏற்றவாறு மாற்றித் தருவது, கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் மின்வழங்கியாகும். அது தரும் 12 வோல்ட்டு மின்னழுத்தம், ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தாழலாகாது, அதாவது, 11.4 வோல்ட்டுக்குக் குறைதல் கூடாது. மல்டிமீட்டர் கொண்டு அளந்தபோது, ஓய்வில் 12.0 காட்டியது, கடும்பணியில் 11.1 ஆகத் தாழ்ந்தது. நண்பன் ஒருவனிடம் நல்ல மின்வழங்கியை இரவல் பெற்றுப் பொருத்தினான். மின்னழுத்தம் தாழவில்லை, இரவு முழுதும் பணி நிகழ்ந்தது. அதன்பின்னரே புதியது ஒன்று வாங்கினோம்.

மின்வழங்கியின் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் நாளடைவில் ஆற்றல் குன்றும். வெப்பம் அவற்றை விரைவில் முதுமையுறச் செய்யும். மாணவர்களே! மின்வழங்கியின் பெட்டியை மட்டும் நீங்கள் ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருந்து உயிருக்குக் கேடு விளைத்தல் கூடும்.

விளைவு ஒன்று, காரணம் இரண்டு. எண்களைக் குறித்து வையாதிருப்பின், முதற்காரணம் நீங்கிய பின்னும் அதனையே ஐயுற்று அலைந்திருப்போம். அனைத்தையும் ஒருசேர மாற்றியிருப்பின், குற்றமற்ற நினைவகத்தையும் குப்பையில் எறிந்திருப்போம். பொறியை மட்டுமன்று, மனிதரையும் ஆராயாமல் பழித்தல் தகாது என்பதை என் பெயரனிடம் அன்று கற்றேன். ஆசிரியர் பெருமானின் எழுத்துகள் இன்று கறை நீங்கித் தெளிவாக விளங்குகின்றன. அவற்றைத் தெளிவாக்கித் தந்தது அந்தப் பழைய பொறியே!