ஒப்பமிடுமுன் கருவியின் திரையைப் படியுங்கள்

மெய்நிகர் நாணயத்தைச் செலவிடும் உரிமை ஓர் இரகசிய எண்ணில் அடங்கியுள்ளது. அவ்வெண்ணைத் தன்னுள் பூட்டிக் காக்கும் சிறு கருவியே வன்பொருள் பணப்பை. கணினியுடன் இணைத்தாலும் எண் வெளிவராது. ஒப்பம் கருவிக்குள்ளேயே இடப்படும்.

எனினும், 2024 சூலை 18இல் வாசிர்எக்ஸ் என்னும் இந்திய நிறுவனம் 23 கோடி டாலருக்கு மேல் இழந்தது. ஒப்பமிட்டோரிடம் இத்தகைய கருவிகள் இருந்தன. கணினித் திரை காட்டியது ஒன்று, ஒப்பமிடப்பட்டது வேறொன்று என அந்நிறுவனம் அறிவித்தது. எழுதாத கடன்பத்திரத்தில் ஒப்பமிட முக்கூடல் அங்கத்தினர் எவரும் இசையார். இங்கும் அவ்விழிப்பே வேண்டும்.

1. கருவியை உற்பத்தியாளரிடமே வாங்குக. மீட்புச் சொற்கள் முன்னரே அச்சிடப்பட்டிருந்தால் அது மோசடி.

2. பொதுக் கணினியில் இணைக்க வேண்டா. மென்பொருளை உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே பெறுக.

3. கருவி காட்டும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிப் பூட்டி வைக்க. கணினியில் பதிதலும் படமெடுத்தலும் ஆகா.

4. பெறுவோர் முகவரியையும் தொகையையும் கருவியின் திரையில் ஒப்பிட்டுப் பார்க்க. வேறுபட்டாலோ, விளங்காவிட்டாலோ மறுத்துவிடுக.

வங்கி வைப்புக்குள்ள காப்புறுதி இதற்கில்லை. அனுப்பியதைத் திரும்பப் பெறுதல் அரிது. ஆதலின் ஒப்பத்திற்கு முந்திய ஒரு நிமிடமே நமக்குக் காவல்.