நாவற்பழத்தின் நிறமும் அதன் அளவும்

செங்கற்பட்டு வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் ஆனி, ஆடி மாதங்களில் நாவற்பழம் உதிர்கிறது. மாமல்லபுரம் சாலையோரங்களில் கூடைகளில் விற்பனையாகும் இப்பழம் ஓரிரு நாட்களில் கெட்டுவிடும். ஆகவே அதனைச் சாறாகவோ தூளாகவோ ஆக்கி விற்பது நன்று. ஆயின், அச்சரக்கில் நிறப்பொருள் எவ்வளவு என்று வாங்குவோர் கேட்பர். விடையறியாதவர் விலை பேச இயலாது.

நாவலின் கருநீலத்திற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளே. கறுப்புத் திராட்சைக்கும் இதுவே நிறமளிக்கிறது. இது தோலில் மிகுதி, செங்காயில் குறைவு. தோலை நீரில் கசக்கி வடித்து, அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும். சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும்.

இக்குணத்தைக் கொண்டே ஆய்வுக்கூடத்தார் அளவிடுகின்றனர். பழத்திலிருந்து இறக்கிய நிறத்தை இரு பங்காக்கி, ஒன்றை பி.எச். 1 என்னும் கடும் புளிப்பு நிலையிலும், மற்றதை 4.5 நிலையிலும் வைப்பர். முன்னது செக்கச் சிவந்து நிற்கும். பின்னது பெரும்பாலும் நிறமிழக்கும். இரண்டும் விழுங்கும் ஒளியை 520 நானோமீட்டர் அலைநீளத்தில் கருவி காட்டும். கலங்கலால் வரும் பிழையை நீக்க 700 நானோமீட்டரிலும் பார்ப்பர். இரண்டிற்குமுள்ள வேறுபாட்டிலிருந்து அளவு கணக்கிடப்படும். கெட்ட பழத்தின் பழுப்பு நிறம் இரு பங்கிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் கழிந்துபோம். எனவே கறுத்த சாறெல்லாம் நிறப்பொருள் மிகுந்த சாறு அன்று.

அறிக்கையில் "100 கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" என்றிருக்கும். அந்த 100 கிராம் பச்சைப் பழமா, உலர்ந்த தூளா என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். பழச்சதையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீரே. ஆதலால் அதே பழத்தின் அளவு, உலர் எடைக்குக் கணக்கிட்டால் ஐந்து மடங்குக்கு மேல் தோன்றும். பிறர் தூளின் எண்ணைக் காட்டி நம் பழத்தின் விலையைக் குறைக்க எவரும் முற்பட்டால் நாம் ஏமாறலாகாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. நன்கு கனிந்த பழங்களையே, கீழே துணி விரித்துச் சேகரித்தல்.

2. வெயில் படாது நிழலில் வைத்தல். சூடும் ஒளியும் நிறப்பொருளைச் சிதைக்கும்.

3. பல மரங்களின் பழங்களைக் கலந்து மாதிரி எடுத்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே அனுப்புதல்.

மாதிரி அனுப்பும் விவரங்களைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். பஞ்சாயத்துக்குரிய மரங்களின் மகசூலை ஏலம் விடுமுன் உறுப்பினர்கள் இவற்றைக் கருத்திற் கொள்வார்களாயின், ஊருக்கு உரிய விலை ஊருக்கே கிட்டும்.